பச்சிளங்குழந்தை நர்ஸ் ஆக என்ன படிக்க வேண்டும், எப்படிப் பழக வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் ஆக வேண்டும் என்று நினைக்கும் மாணவர்கள், வேறு வார்டிலிருந்து மாற விரும்பும் நர்ஸ்கள், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எந்தக் கோர்ஸ், எத்தனை வருஷம், எந்தச் சான்றிதழ் என்றுதான் பேச்சு தொடங்கும். அதற்கும் பதில் இருக்கிறது. ஆனால் கல்லூரி முடித்து வார்டுக்குள் நுழைந்த பிறகு நடக்கும் பயிற்சிதான் ஒருவரை இந்த வேலைக்கு ஆளாக்குகிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

பச்சிளங்குழந்தை நர்ஸ் என்றால் குழந்தைகள் வார்டு நர்ஸ்தானே?

இல்லை. பிறந்ததிலிருந்து 28 நாள் வரை உள்ள குழந்தையைத்தான் மருத்துவத்தில் பச்சிளங்குழந்தை என்கிறோம். அந்த வயதுக்கென்று தனிப் பிரிவு, தனிக் கருவிகள், தனி மருந்தளவுகள் எல்லாம் உண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தை 28 நாள் தாண்டியும் அதே பிரிவில்தான் இருக்கும், சில சமயம் மாதக்கணக்கில்.

37 வாரம் முடிவதற்கு முன் பிறந்தால் குறைமாதம். 28 வாரத்துக்கும் முன் என்றால் மிகக் குறைமாதம். எடையை வைத்துப் பார்த்தால் 2500 கிராமுக்குக் கீழே பிறப்பது குறைந்த எடை, 1500 கிராமுக்குக் கீழே மிகக் குறைந்த எடை. 1000 கிராமுக்கும் கீழே பிறக்கும் குழந்தைகளும் இந்த நர்ஸின் பொறுப்பில்தான் வருகிறார்கள். இவர்களோடு கடுமையான மஞ்சள் காமாலை, கிருமித் தொற்று, பிறவி இதயக் கோளாறு, அறுவை சிகிச்சை தேவைப்படும் குடல் அடைப்பு என்று மாதம் நிறைந்து பிறந்தும் சிக்கலில் இருக்கும் குழந்தைகளும் உண்டு.

எல்லாப் பிரிவுகளும் ஒரே தரத்தில் இருக்காது. அமெரிக்காவில் இதை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலை, நன்றாக இருக்கும் குழந்தைகளுக்கான நர்சரி. நான்காம் நிலையில் சிக்கலான அறுவை சிகிச்சை வரை நடக்கும். மற்ற நாடுகளில் பெயர்கள் வேறாக இருந்தாலும் இதே மாதிரியான அடுக்குகள் உண்டு. நீங்கள் எந்த நிலையில் வேலை செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பயிற்சியின் ஆழமும் இருக்கும்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் நேரடியாக இந்தப் படிப்பில் சேர முடியுமா?

பெரும்பாலான நாடுகளில் முடியாது. முதலில் பொது நர்சிங் படிக்க வேண்டும். அதை முடித்து, அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, அப்புறம்தான் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குப் போக முடியும்.

இந்தியாவில் ஜி.என்.எம். என்ற பொது நர்சிங், மிட்வைஃபரி டிப்ளமோ 3 வருஷம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம். பதிவு பெற்ற பிறகு பச்சிளங்குழந்தை நர்சிங்கில் ஒரு வருஷ டிப்ளமோ படிக்கலாம். அமெரிக்காவில் நர்சிங் படித்துவிட்டு என்கிளெக்ஸ் ஆர்.என். தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். பிரிட்டன் கொஞ்சம் வித்தியாசம். அங்கே பட்டப்படிப்பிலேயே குழந்தைகள் நர்சிங் என்ற பிரிவை முதலிலேயே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அதைப் படித்தவரும் வேலையில் சேர்ந்த பிறகு, இத்துறையில் தகுதி பெற்றவர் என்பதற்கான தனிப் படிப்பை முடிக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு இந்த முறை சரி என்றே படுகிறது. பிறந்த குழந்தையின் உடம்பு விதிவிலக்குகள் நிறைந்தது. பொது விதி தெரிந்தால்தான் விதிவிலக்கு புரியும்.

டிப்ளமோ போதுமா, பட்டம் வேண்டுமா?

வேலையில் நுழைய, பல இடங்களில் டிப்ளமோ போதும். மேற்படிப்பு, ஆசிரியர் பணி, வெளிநாட்டு வேலை என்று யோசிப்பவர்களுக்குப் பட்டம் நல்லது. டிப்ளமோவில் தொடங்கிப் பிறகு பட்டம் முடித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். குடும்பச் சூழ்நிலை டிப்ளமோவுக்குத்தான் இடம் கொடுக்கிறது என்றால் தயங்காமல் சேருங்கள்.

கணக்கு எனக்கு வராது. பரவாயில்லையா?

இந்த வேலைக்குத் தேவையான கணக்கு கடினமானதில்லை. பெருக்கல், வகுத்தல், தசமப்புள்ளி, அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு தடவைகூடப் பிசகக்கூடாது.

ஒரு உதாரணம். குழந்தையின் எடை 800 கிராம். மருந்து, கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் 0.8 கிலோவுக்கு 4 மில்லிகிராம். கையில் இருக்கும் மருந்துக் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 மில்லிகிராம் இருக்கிறது. ஆக, நாம் எடுக்க வேண்டியது 0.1 மில்லிலிட்டர். சிரிஞ்சில் அது ஒரு சின்னக் கோடு. தசமப்புள்ளி ஒரு இடம் தள்ளிப்போய் 1 மில்லிலிட்டர் எடுத்துவிட்டால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். பெரியவர்கள் வார்டில் ஒருவருக்குப் பத்து மடங்கு கொடுக்க வேண்டுமென்றால் பத்துக் குப்பிகளை உடைக்க வேண்டியிருக்கும், அப்போதே சந்தேகம் வந்துவிடும். இங்கே அந்தத் தவறான அளவுகூட ஒரே சிரிஞ்சில் அடங்கிவிடும். பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

அதனால்தான் மருந்தை நீர்த்து, அளக்க வசதியான அளவாக்கிக்கொள்ளச் சொல்லிக் கொடுக்கிறோம். அதே மருந்தை ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் என்று நீர்த்தால் 0.4 மில்லிலிட்டர் எடுக்கலாம், கண்ணுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு நர்ஸ்கள் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, விடை ஒத்துப்போனால்தான் ஊசியைத் தொட வேண்டும். இரண்டாமவர் முதலாமவரின் தாளைப் பார்த்துத் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது.

சலைன் கணக்கும் இதே மாதிரிதான். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 80 மில்லிலிட்டர் என்றால், 800 கிராம் குழந்தைக்கு நாள் முழுவதற்கும் 64 மில்லிலிட்டர்தான். மணிக்கு ஏறத்தாழ 2.7. நர்சிங் இரண்டாம் வருஷத்திலிருந்தே தினமும் இரண்டு மூன்று கணக்குகளைக் காகிதத்தில் போட்டுப் பழகுங்கள். பயம் தன்னால் போய்விடும்.

கல்லூரியில் இருக்கும்போதே எந்தப் பாடங்களில் கவனம் வைக்க வேண்டும்?

உடலியல்தான் முதலில். குறிப்பாக, தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது, பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் அது எப்படி மாறுகிறது என்பதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். நுரையீரலில் நிறைந்திருந்த திரவம் விலகி, காற்று நிறைந்து, அதுவரை நுரையீரலைத் தவிர்த்துவிட்டுப் போன ரத்தம் அதற்குள் பாயத் தொடங்குகிறது. வார்டில் பார்க்கப்போகும் பல பிரச்சினைகள், இந்த மாற்றம் முழுமையாக நடக்காததால் வருபவைதான்.

அப்புறம் மகப்பேறு. தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்ததா, பனிக்குடம் எப்போது உடைந்தது, காய்ச்சல் இருந்ததா என்பதெல்லாம் குழந்தையின் கேஸ் ஷீட்டில் முதல் பக்கமே வரும். மகப்பேறு வார்டில் போஸ்டிங் வந்தால் பிரசவ அறையில் முடிந்த அளவு நேரம் இருங்கள். நல்லபடியாகப் பிறந்த குழந்தைகளை நிறையப் பாருங்கள், அவர்கள் எப்படி மூச்சு விடுகிறார்கள், எந்த நிறத்தில் இருக்கிறார்கள், தூக்கினால் கை கால் எப்படி மடங்கியிருக்கின்றன என்று. நலமாக இருக்கும் குழந்தை கண்ணில் பதிந்திருந்தால்தான் நோயுற்ற குழந்தையைக் கண்டுபிடிக்க முடியும்.

வார்டில் சேர்ந்த பிறகு என்ன பயிற்சி தருவார்கள்?

நல்ல மருத்துவமனையாக இருந்தால் முதல் சில மாதங்கள் உங்களைத் தனியாக விடமாட்டார்கள். அனுபவமுள்ள ஒரு நர்ஸுடன் சேர்த்துவிடுவார்கள். அவருக்கு எந்த ஷிப்டோ உங்களுக்கும் அதே ஷிப்ட், அவருக்கு எந்தக் குழந்தையோ உங்களுக்கும் அதே குழந்தை.

ஆரம்பத்தில் வருவது கை கழுவுதல். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றி, முழங்கைக்குக் கீழே எதுவும் இல்லாமல் உள்ளே வர வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் உண்டு. குறைமாதக் குழந்தைக்குத் தாயிடமிருந்து வர வேண்டிய எதிர்ப்புப் பொருள்கள் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் அதிகமாக வந்து சேர்கின்றன. அதற்கு முன்னே பிறந்துவிட்டதால் அந்தப் பாதுகாப்பு குறைவு. தோலும் மெல்லியது. கிருமி நம் கை வழியாகத்தான் போகும்.

பிறகு வெப்பம். குழந்தையின் உடல் வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். குளிர்ந்துபோன குழந்தை சர்க்கரையையும் ஆக்ஸிஜனையும் வேகமாகச் செலவழிக்கும், மூச்சுத் திணறல் கூடும். வார்மர் (மேலிருந்து சூடு தரும் திறந்த படுக்கை), இன்குபேட்டர் (கதகதப்பாக வைக்கும் மூடிய பெட்டி) இரண்டையும் எப்படி அமைப்பது, தோலில் ஒட்டும் சென்சார் கழன்றுவிட்டால் என்ன ஆகும் என்று கற்றுக்கொள்வீர்கள். கழன்ற சென்சார் காற்றின் வெப்பத்தைக் காட்டும். குழந்தை குளிர்ந்துவிட்டது என்று வார்மர் எண்ணிக்கொண்டு மேலும் மேலும் சூடாக்கும். ஆகவே கருவி காட்டும் எண்ணோடு உங்கள் கையும் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்து ரத்தம் எடுப்பது. குறைமாதக் குழந்தையின் உடம்பில் கிலோவுக்கு ஏறத்தாழ 90 மில்லிலிட்டர் ரத்தம் இருக்கும். 800 கிராம் குழந்தைக்கு மொத்தமே சுமார் 70 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டர் எடுத்தால் பெரியவர் ஒருவரிடம் 70 மில்லிலிட்டர் எடுத்ததற்குச் சமம். எடுத்த ஒவ்வொரு துளியையும் நர்ஸ்கள் குறித்து வைப்பதும், இன்று எந்தெந்தச் சோதனைகளைச் சேர்த்து ஒரே தடவையில் எடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்பதும் இதனால்தான். குதிகாலில் குத்தும்போது நடுவில் குத்தக்கூடாது, ஓரங்களில்தான் குத்த வேண்டும், நடுவில் எலும்பு அருகிலேயே இருக்கிறது.

பால் கொடுப்பது இன்னொரு பெரிய பாடம். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்யும் திறமை ஏறத்தாழ 34 வாரத்தில்தான் குழந்தைக்கு வருகிறது. அதற்கு முன் வாய் அல்லது மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய் போட்டுத் தாய்ப்பாலைத் துளித்துளியாகக் கொடுப்போம். குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். வயிறு உப்புகிறதா, வாந்தியில் பச்சை நிறம் தெரிகிறதா, மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குறைமாதக் குழந்தைகளின் குடலைத் தாக்கும் ஒரு கொடிய நோயின் தொடக்கம் இப்படித்தான் இருக்கும். அதைக் காலையில் கண்டுபிடிப்பதற்கும் மாலையில் கண்டுபிடிப்பதற்கும் இடையே ஒரு உயிரே இருக்கலாம்.

பிறந்ததும் மூச்சு விடாத குழந்தையைக் காப்பாற்றும் பயிற்சி எப்படி இருக்கும்?

இதற்கென்றே உலகம் முழுவதும் தரப்படுத்தப்பட்ட பயிற்சிகள் இருக்கின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 1987-இல் தொடங்கிய திட்டம்தான் பல நாட்டுப் பயிற்சிகளுக்கு அடிப்படை. வசதி குறைந்த இடங்களுக்காக அதே அமைப்பு 2010-இல் இன்னொரு எளிய திட்டத்தையும் கொண்டுவந்தது. ரப்பர் பொம்மை, மாஸ்க், காற்றுப் பை, இவை இருந்தால் எங்கு வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம்.

குழந்தை வெளியே வந்ததும் மூன்று கேள்விகள். மாதம் நிறைந்திருக்கிறதா? கை கால்கள் தளராமல் மடங்கியிருக்கின்றனவா? மூச்சு விடுகிறதா, அழுகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் குழந்தை தாயின் மார்புக்குப் போகலாம். இல்லையென்றால் வார்மரில் வைத்து, துடைத்து, தலையைச் சரியான நிலையில் வைத்து, முதுகை மெல்லத் தேய்த்துத் தூண்ட வேண்டும். அப்போதும் மூச்சு வரவில்லை என்றாலோ இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-க்குக் கீழே இருந்தாலோ, பிறந்து 60 விநாடிக்குள் மாஸ்க் வைத்துக் காற்றைச் செலுத்தத் தொடங்கிவிட வேண்டும்.

பெரியவர்களுக்கான முதலுதவி படித்தவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். பெரியவர் திடீரென்று விழுந்து மூச்சும் நின்றுவிட்டால் பெரும்பாலும் இதயத்தில்தான் கோளாறு, அதனால் மார்பை அழுத்துவதில் தொடங்குகிறோம். பிறந்த குழந்தைக்கு இதயம் பொதுவாக நல்ல நிலையில்தான் இருக்கும். நுரையீரலில் காற்று போகாததுதான் பிரச்சினை. காற்று போய்விட்டால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இதயம் தானாகவே வேகம் பிடித்துவிடும். 30 விநாடி சரியாகக் காற்று செலுத்திய பிறகும் துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால்தான் மார்பை அழுத்துவது, அதுவும் மூன்று அழுத்தத்துக்கு ஒரு மூச்சு என்ற கணக்கில்.

சரியாகக் காற்று செலுத்துவது என்று சொன்னேனே, அதுதான் கஷ்டம். மாஸ்க் தாடை, வாய், மூக்கு மூன்றையும் மூட வேண்டும், கண்ணை அழுத்தக்கூடாது. ஓரத்தில் கொஞ்சம் கசிந்தாலும் காற்று உள்ளே போகாது. புதியவர்கள் பதற்றத்தில் மாஸ்கைக் கீழே அழுத்துவார்கள், அதில் குழந்தையின் கழுத்து மடங்கி மூச்சுப்பாதை அடைபடும். தாடையை மாஸ்குக்குள் தூக்கிக் கொண்டுவர வேண்டும். மார்பு லேசாக எழுகிறதா என்று பார்க்க வேண்டும். பொம்மையில் இதைப் பலமுறை செய்து பழகினால்தான் இரவு மூன்று மணிக்கு நிஜமான பிரசவ அறையில் கை நடுங்காது.

32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை என்றால் துடைப்பதற்குப் பதிலாகக் கழுத்து வரை பாலித்தீன் பையில் வைப்போம், உடம்புச் சூடு போகாமல் இருக்க. முதன்முதலில் பார்ப்பவர்கள் திகைத்துப்போவார்கள். பயிற்சியில் காரணம் சொல்லிக் கொடுத்துவிட்டால் அடுத்த தடவை அவர்களே பையை எடுத்துத் தயாராக வைத்திருப்பார்கள்.

இந்தப் பயிற்சியை ஒரு தடவை முடித்துச் சான்றிதழ் வாங்கியதோடு விட்டுவிடக்கூடாது. சில மாதம் பழகாமல் விட்டாலே கை மறந்துவிடும். வார்டிலேயே அடிக்கடி ஒத்திகை நடத்தும் மருத்துவமனைகள்தான் இதில் நன்றாக இருக்கின்றன.

மெஷின்களைக் கண்டாலே பயமாக இருக்கிறது. அவ்வளவும் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். மானிட்டர், பல்ஸ் ஆக்ஸிமீட்டர், சிரிஞ்ச் பம்ப், மஞ்சள் காமாலைக்கான போட்டோதெரபி விளக்கு, மூக்கு வழியாகத் தொடர்ந்து காற்றழுத்தம் தரும் சிபாப், செயற்கையாக மூச்சு கொடுக்கும் வென்டிலேட்டர் என்று ஒவ்வொன்றாகத்தான் வரும். ஒரே நாளில் எல்லாவற்றையும் யாரும் கொடுக்கமாட்டார்கள். எந்த பட்டனை அழுத்துவது என்பதோடு, அந்தக் கருவி குழந்தைக்கு என்ன தீங்கு செய்யக்கூடும் என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் குறைமாதக் குழந்தைகளுக்கு இன்குபேட்டரில் தாராளமாக ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். நல்லது என்று நினைத்துத்தான் கொடுத்தார்கள். முழுமையாக வளராத விழித்திரையின் ரத்தக்குழாய்கள் அதனால் கெட்டு, ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தார்கள். இன்று குறைமாதக் குழந்தைக்கு ஆக்ஸிஜன் கொடுக்கும்போது சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் நிறைந்திருக்கும் அளவு, 90 முதல் 95 சதவீதத்துக்குள் இருக்கும்படி பல பிரிவுகளில் பார்த்துக்கொள்கிறார்கள். மானிட்டரில் 100 காட்டினால் புதியவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருக்கும் குறைமாதக் குழந்தைக்கு 100 காட்டினால் பழகிய நர்ஸ் எழுந்துபோய் அளவைக் குறைப்பார்.

டாக்டர் எழுதியதைச் செய்வதுதானே நர்ஸின் வேலை? இதற்கு ஏன் இவ்வளவு பயிற்சி?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு ஜீன் வார்டு என்ற நர்ஸைப் பற்றித்தான் சொல்வேன். 1950-களில் இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு பொது மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். வெயில் நன்றாக இருக்கும் நாட்களில் குழந்தைகளை வெளியே முற்றத்துக்குக் கொண்டுபோய்க் காற்றாட வைத்திருப்பார். 1956-இல் ஒருநாள் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்தபோது ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் வெளுத்திருக்க, ஒரு முக்கோண இடம் மட்டும் நல்ல மஞ்சளாக இருந்தது. துணியின் ஒரு மூலை அந்த இடத்தை மூடியிருந்திருக்கிறது. வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் குறைந்திருக்கிறது. அங்கிருந்த டாக்டர் கிரீமரும் மற்றவர்களும் இதைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்து, 1958-இல் ஒளி சிகிச்சையைப் பற்றி எழுதினார்கள். இன்று உலகம் முழுவதும் மஞ்சள் காமாலைக் குழந்தைகள் நீல விளக்கின் கீழ் படுத்திருப்பது, ஒரு நர்ஸ் கண்ணால் பார்த்ததைச் சொன்னதிலிருந்து தொடங்கியது. அதற்காக யாரும் வீட்டில் குழந்தையை வெயிலில் காட்டி மஞ்சள் காமாலையைக் குணப்படுத்திவிடலாம் என்று இருந்துவிடக்கூடாது. அளவு தெரிந்த விளக்கும் ரத்தப் பரிசோதனையும் அவசியம்.

டாக்டர் ஒரு குழந்தையிடம் நாளுக்குச் சில தடவை வருவார். நர்ஸ் பக்கத்திலேயே இருக்கிறார். பேச முடியாத நோயாளி. நேற்றைவிட இன்று கொஞ்சம் அசைவு குறைவு, பால் குடிக்கும்போது களைத்துப்போகிறது, தோல் மங்கலாக இருக்கிறது, மூச்சு 20 விநாடி நின்று திரும்ப வந்தது, இப்படித்தான் தொற்று ஆரம்பிக்கும். "என்னவோ சரியில்லை" என்று டாக்டரைக் கூப்பிடுவதற்கு ஒரு தைரியமும், என்ன சரியில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லும் பழக்கமும் வேண்டும். இரண்டையும் பயிற்சியில்தான் வளர்க்க முடியும்.

பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லித் தருவார்களா?

சொல்லித் தர வேண்டும். நிறைய இடங்களில் போதுமான அளவு சொல்லித் தருவதில்லை என்பது என் வருத்தம்.

பெற்றோர் அந்தப் பிரிவில் பார்வையாளர்கள் இல்லை. கங்காரு பராமரிப்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், குழந்தையைத் தாயின் அல்லது தந்தையின் மார்பில் தோலோடு தோலாக வைப்பது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையும் தொற்றும் இருந்த ஒரு மருத்துவமனையில் டாக்டர் எட்கர் ரே தொடங்கியது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளிவந்த ஆய்வில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளுக்கு இதைப் பிறந்தவுடனேயே தொடங்கியபோது 28 நாளுக்குள் இறப்பது நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அதன் பிறகு 2022-இல் உலக சுகாதார நிறுவனம், பிறந்ததும் கூடிய சீக்கிரம் தொடங்கி நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொல்லிப் பரிந்துரைத்தது.

காகிதத்தில் எளிது. வார்டில், சிபாப் குழாயும் மானிட்டர் ஒயர்களும் உள்ள குழந்தையைத் தூக்கி, பயத்தில் உறைந்திருக்கும் ஒரு தாயின் மார்பில் பத்திரமாக வைப்பது ஒரு கலை. ஒருவர் குழாயைப் பிடிக்க வேண்டும், ஒருவர் குழந்தையை. தாய் முன்பே வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். தலை ஒரு பக்கமாகத் திரும்பி, மூக்கு மறையாமல் இருக்க வேண்டும். இதைச் செய்யக் கற்றுத்தரும் மூத்த நர்ஸ் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆண்கள் இந்த வேலைக்கு வரலாமா?

தாராளமாக வரலாம். தாய்ப்பால் கொடுக்க உதவும் நேரத்தில் தாயின் அனுமதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும், அல்லது பெண் நர்ஸ் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். மற்றபடி எந்த வேறுபாடும் இல்லை. மார்பில் குழந்தையை வைத்துக்கொள்ளத் தயங்கும் தந்தைகளுக்கு ஒரு ஆண் நர்ஸ் சொன்னால் சீக்கிரம் தைரியம் வருகிறது.

பிரசவம் பார்க்கும் மிட்வைஃபும் இவர்களும் ஒன்றா?

வேறு வேறு. மிட்வைஃப் கர்ப்ப காலம், பிரசவம், அதற்குப் பின் தாயும் நலமான குழந்தையும் என்று பார்ப்பவர். குழந்தைக்குச் சிக்கல் என்றால் பொறுப்பு பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு வந்துவிடும். மூச்சு கொடுக்கும் பயிற்சி இருவருக்கும் கட்டாயம் வேண்டும்.

பல வருஷம் பெரியவர்கள் ஐ.சி.யூ.வில் வேலை செய்துவிட்டேன். இப்போது மாற முடியுமா?

முடியும். வென்டிலேட்டர் பழக்கம், நெருக்கடியில் பதறாத குணம், கேஸ் ஷீட் எழுதும் ஒழுங்கு எல்லாம் உதவும். ஆனால் எண்கள் எல்லாம் மாறிவிடும். நிமிடத்துக்கு 140 இதயத்துடிப்பும் 50 மூச்சும் பெரியவரிடம் ஆபத்து, இங்கே அது சாதாரணம். பெரியவர்களுக்குக் காய்ச்சல் வைத்துத் தொற்றைக் கண்டுபிடிப்போம். பிறந்த குழந்தைக்குத் தொற்று வந்தால் உடம்பு சில்லிட்டும் போகலாம். அதனால் பழைய அனுபவம் இருந்தாலும் புதியவர்களுக்கான முழுப் பயிற்சியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று சொல்லி முதல் வாரமே தனியாக விட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

குழந்தை இறப்பதைப் பார்க்க வேண்டியிருக்குமே, தாங்க முடியுமா?

சில குழந்தைகள் பிழைப்பதில்லை. அதை மறைத்துப் பேசிப் பயனில்லை.

அந்த நேரத்தில் நர்ஸ் செய்ய வேண்டியவை இருக்கின்றன. வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது, பெற்றோர் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள இடமும் நேரமும் கொடுப்பது, விரும்பினால் காலடித் தடத்தை எடுத்துக் கொடுப்பது, குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசுவது. இதற்கும் பயிற்சி உண்டு, மேற்படிப்புகளில் தனிப் பாடமாகவே வருகிறது. அப்புறம், அன்றைய ஷிப்ட் முடிந்ததும் உடனிருந்தவர்களோடு நடந்ததைப் பேசிவிட்டு வீட்டுக்குப் போங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அழுவதால் நீங்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று அர்த்தமில்லை. வாரக்கணக்கில் தூக்கம் வராமல், வேலைக்குக் கிளம்பவே பயமாக இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் ஆலோசகரைப் பாருங்கள்.

அனுபவம் வந்த பிறகு மேலே என்ன படிக்கலாம்?

அமெரிக்காவில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை நர்ஸுக்கான தேசியச் சான்றிதழ்த் தேர்வு எழுத, 24 மாதமும் 2000 மணி நேரமும் அந்தத் துறையில் வேலை செய்திருக்க வேண்டும். அதற்கும் மேலே நியோநேட்டல் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பதவி இருக்கிறது. முதுநிலைப் பட்டம் அல்லது முனைவர் பட்டம் படித்து, குழந்தையைப் பரிசோதித்து, சிகிச்சை முடிவெடுத்து, மருந்து எழுதும் அளவுக்கு வருபவர்கள். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாவிலும் இதையொத்த பதவிகள் உண்டு.

ரத்த நாளத்தில் நீண்ட நாள் இருக்கும் குழாய் போடுவது, தாய்ப்பால் ஆலோசனை, குழந்தைகளை ஆம்புலன்ஸில் வேறு மருத்துவமனைக்கு மாற்றும் குழு, வலியையும் சத்தத்தையும் குறைத்து வளர்ச்சிக்கு உதவும் பராமரிப்பு என்று சின்னச் சின்னச் சிறப்புத் துறைகளும் இருக்கின்றன. சேர்ந்த முதல் வருஷத்திலேயே சான்றிதழ்களைத் துரத்த வேண்டாம் என்பேன். இரண்டு வருஷம் குழந்தைகளின் பக்கத்தில் நின்ற பிறகு படித்தால், புத்தகத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முகம் ஞாபகம் வரும்.

வேலைக்கு இன்டர்வியூ போகும்போது மருத்துவமனையிடம் நான் என்ன கேட்க வேண்டும்?

ஒரு நர்ஸுக்கு எத்தனை குழந்தைகள் என்று முதலில் கேளுங்கள். பிரிட்டனில் வகுத்திருக்கும் தரப்படி, தீவிர சிகிச்சையில் ஒரு குழந்தைக்கு ஒரு நர்ஸ், அதற்கு அடுத்த நிலையில் இரண்டு குழந்தைகளுக்கு ஒருவர், சிறப்புப் பராமரிப்பில் நான்கு குழந்தைகளுக்கு ஒருவர். எல்லா இடத்திலும் இது நடைமுறையில் இல்லை. இருந்தாலும் அவர்கள் சொல்லும் எண் இதிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புதியவர்களுக்கு எத்தனை வாரம் உடனிருந்து பயிற்சி, அந்தக் காலத்தில் என்னை வார்டின் நர்ஸ் எண்ணிக்கையில் சேர்ப்பீர்களா என்று கேளுங்கள். சேர்ப்போம் என்றால் பயிற்சி பெயருக்குத்தான் இருக்கும். மூச்சு கொடுக்கும் பயிற்சியை யார் நடத்துகிறார்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, நைட் ஷிப்டில் மூத்த நர்ஸ் ஒருவராவது இருப்பாரா, மருந்துக் கணக்கைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் எப்போதும் கிடைப்பாரா என்பதையும் கேளுங்கள். முடிந்தால் ஒரு மணி நேரம் வார்டைப் பார்க்க அனுமதி வாங்குங்கள். கை கழுவும் தொட்டியில் தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா, அலாரம் அடித்தால் யாராவது எழுந்து போகிறார்களா, தாய்மார்கள் உள்ளே குழந்தையோடு இருக்கிறார்களா அல்லது கதவுக்கு வெளியே காத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சம்பளத்தை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.